செலவு சேர்ந்து வரும் வருடம்

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. 2016இல் அப்பா சேலத்தில் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் இப்போது இவர் கையில், பெங்களூரில் ஓடுகிறது. 62,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் 54,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். "பழைய வண்டிக்கு இவ்வளவு கொட்டுவதற்கு ஏழு வருடத் தவணையில் ஒரு புது எஸ்.யூ.வி. எடுத்துவிடலாமா அண்ணா? ஆபீஸில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்." வீட்டில் மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. மாதம் ஒருமுறை சேலம் போய் வருகிறார்கள்.

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் காருக்குப் போய் டாஷ்போர்டிலிருந்து என் நோட்டை எடுத்து வந்தேன். அதைப் புரட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 1999இல் அல்சூரில் ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். அன்றிலிருந்து காருக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, யார் கடை, எவ்வளவு. அவ்வளவுதான் எழுதுவேன். 2010 ஆயுத பூஜைக்கு வாங்கிய வேகன்ஆர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வண்டியின் கணக்கு மட்டும் ஒன்றரை நோட்டுக்கு வந்திருக்கிறது.

அதில் ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். "14.5.2016. 58,340 கி.மீ. நாலு டயர், பாட்டரி, முன் பிரேக் பேட், கிளட்ச் செட், லோயர் ஆர்ம் புஷ். 41,200." அந்த வாரம் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி மாதா மாதம் இப்படித்தான் வாங்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். ஷோரூமுக்குப் போய் ஒரு டெஸ்ட் டிரைவும் எடுத்தேன். வில்சன் கார்டனில் வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "செருப்பு தேஞ்சதுக்குக் காலைக் குறை சொல்லலாமா சார்?"

அவர் சொன்னதில் எத்தனை உண்மை இருந்தது என்பதை அடுத்து வந்த பக்கங்கள்தான் எனக்குக் காட்டின. 2017இல் மொத்தச் செலவு 6,300. 2018இல் 7,900. 2019இல் 8,400. அப்புறம் 2022இல் மறுபடி ஒரே மாதத்தில் 38,500. மறுபடியும் டயர், பாட்டரி, சஸ்பென்ஷன். அதன் பிறகு மீண்டும் அமைதி.

இத்தனை வருடம் எழுதி வந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். காரின் செலவு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை, சேர்ந்து வருகிறது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. டயர், பாட்டரி, பிரேக், கிளட்ச், ரப்பர் புஷ் எல்லாம் ஒரே நாளில் புதிதாக ஓட ஆரம்பிக்கின்றன. டயருக்கு ஐந்தாறு வருடம், பாட்டரிக்கு நாலு வருடம், நகர ஓட்டத்தில் கிளட்ச் பிளேட்டுக்கு ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் என்று ஆளுக்கொரு ஆயுள் இருந்தாலும், ஏதோ ஒரு வருடத்தில் எல்லாம் ஒரே வாசலில் வந்து நிற்கும். அந்த வருடத்தின் பில்லைப் பார்த்துவிட்டு வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நிறையப் பேர் அந்த வருடத்தில்தான் விற்கிறார்கள். சிலர் வேலை எல்லாம் முடித்த கையோடு, "இவ்வளவு செலவு வைத்துவிட்டதே" என்ற கோபத்தில் விற்கிறார்கள். புது டயரும் புது கிளட்ச்சும் வாங்குபவருக்குப் போகின்றன, விற்றவருக்குத் தவணை வருகிறது. உங்கள் 54,000 எஸ்டிமேட் அப்படி ஒரு வருடத்தின் காகிதம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, அந்தக் காகிதத்தையே பார்ப்போம். நீங்கள் அனுப்பிய வரிகளில் பெரியது டயர், நாலுக்கும் 19,200. இதை எதிர்த்துப் பேச வேண்டாம். ஆனால் முதலில் டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 3416 என்று இருந்தால் 2016ஆம் வருடத்தின் 34ஆவது வாரம் செய்த டயர். அப்படியென்றால் வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேய்மானம் பார்க்கப் பரவாயில்லை போல இருந்தாலும் பத்து வருட ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. நாலையும் மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னியின் இலக்கத்தையும் பாருங்கள். 2021க்கு மேல் என்றால், பள்ளத்துக்குள் இருக்கும் மேட்டு அடையாளம் வரை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. கடையில் புது டயர் வாங்கும்போதும் இந்த இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த டயரை உங்கள் தலையில் கட்டிவிடக்கூடாது.

அடுத்தது கிளட்ச், 11,500. இதைச் சோதிக்காமல் சம்மதிக்காதீர்கள். காலியான ஒரு மேட்டுச் சாலையில் மூன்றாவது கியரில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் போய்விட்டது. பெடல் கல் மாதிரி இருக்கிறது, காலை முழுக்க மேலே எடுத்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றாலும் நேரம் வந்துவிட்டது. இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் "62,000 ஓடிவிட்டது சார், மாற்றிவிடலாம்" என்று மட்டும் சொன்னால் தள்ளிப்போடுங்கள். கிளட்ச் திடீரென்று சாகாது, பல வாரம் சொல்லிவிட்டுத்தான் போகும்.

பாட்டரி 5,000. எந்த எலக்ட்ரீஷியனிடமும் மீட்டர் இருக்கும். வண்டி ஒரு ராத்திரி நின்ற பிறகு காலையில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நன்றாக இருக்கிறது. என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் தப்பு பெரும்பாலும் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில், அப்போது புது பாட்டரி போட்டும் பயனில்லை. முன் பிரேக் பேடும் டிஸ்க்கும் 6,300. பேட் மாற்றத்தான் வேண்டும். டிஸ்க்கைக் கடைசல் பிடித்தே சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும், கடைசலுக்குப் பிறகும் அதற்குக் கீழே போகக்கூடாது. ஆயில், ஃபில்டர் 3,500. இது கட்டாயம்.

மீதி 8,500தான் எனக்கு உறுத்துகிறது. ஏ.சி. கிருமிநீக்கம், என்ஜின் டிகார்பன், பாலிஷ், அடிப்பக்கக் கோட்டிங். இவற்றில் ஒன்றுகூட உங்கள் வண்டியின் கையேட்டில் 60,000 கிலோமீட்டர் அட்டவணையில் இருக்காது என்று நினைக்கிறேன். கையேட்டை எடுத்து வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். அட்டவணையில் இல்லாததைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கோபப்பட வேண்டாம், "இது வேண்டாம் சார்" என்றால் போதும், எடுத்துவிடுவார்கள். எனக்கு 2013இல் ஒரு சர்வீஸ் சென்டரில் நடந்தது வேறு மாதிரி. பில்லில் கூலண்ட் மாற்றியதாகப் பணம் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால், டப்பாவில் அதே பழுப்புத் தண்ணீர். அன்றிலிருந்து மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரச் சொல்வேன். ஆயிலும் கூலண்டும் பிரேக் ஆயிலும் மாற்றும்போது பக்கத்தில் நிற்பேன். நீங்களும் நில்லுங்கள். அரை நாள் லீவு போனாலும் பரவாயில்லை, உங்கள் வண்டியின் உட்புறம் உங்களுக்குத் தெரிந்துவிடும். வாரன்டி முடிந்த வண்டிக்கு ஜே.சி. ரோட்டில் கம்பெனி பாகங்களே கிடைக்கும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் அமைந்துவிட்டால் பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் தரலாம்.

ஆக, கிளட்ச் தாங்கும் என்று தெரிந்தால் உங்களுக்கு உண்மையில் ஆகப்போவது முப்பதாயிரத்துச் சொச்சம். இதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

ஷோரூம் விலை 9 லட்சம் என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் ஆயுள் வரி இந்தியாவிலேயே அதிகமான இடங்களில் ஒன்று. 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 14 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 17, அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. இன்சூரன்ஸும் சேர்ந்து சாலைக்கு வரும்போது 10.8 லட்சம் பக்கம் நிற்கும். 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை 12,870. மொத்த வட்டி 2.8 லட்சம். அதே கடனை 4 வருடத்தில் கட்டினால் தவணை 19,900, வட்டி 1.55 லட்சம். ஷோரூமில் முதல் எண்ணை மட்டும்தான் சொல்வார்கள். 12,870 என்பது எல்லோருக்கும் தாங்குவது போலத் தெரியும். நான் எல்லோரிடமும் சொல்வது, 4 வருடத் தவணை உங்களுக்குக் கனமாக இருந்தால் அந்தக் கார் உங்களுக்குக் கனம், ஒரு படி கீழே பாருங்கள் என்பதுதான். உங்கள் முப்பதாயிரத்துச் சொச்சம் அந்த ஏழு வருடத் தவணையில் மூன்று மாதம்கூட இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. கார் வாங்கும்போது நம் ஆட்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி மைலேஜ். வண்டியின் விலை எவ்வளவு இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை. 10.8 லட்சத்துக்கு வாங்கிய வண்டி எட்டு வருடம் கழித்து 3.8 லட்சத்துக்குப் போகிறது என்று வைப்போம். 7 லட்சம் போயிற்று. வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டினால் மொத்தம் 64,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 11 ரூபாய், வண்டி பழசாவதற்கு மட்டும். பெட்ரோல் லிட்டர் 103, ஊருக்குள் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் எரிபொருள் செலவு 7 ரூபாய் 35 பைசாதான். பெட்ரோலைவிட அதிகமாகக் கரைவது வண்டியின் விலை. அது பங்கில் நின்று கொடுக்கும் பணம் இல்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. உங்கள் 2016 வண்டி இறங்க வேண்டிய விலையில் பெரும்பகுதியை அப்பா காலத்திலேயே இறங்கிவிட்டது. நீங்கள் இப்போது ஓட்டுவது அந்தக் காரின் மலிவான வருடங்களை.

ஒரு விஷயத்தில் உங்கள் ஆபீஸ் நண்பர்கள் சொல்வதும் நியாயம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். புது வண்டியின் விலை இறங்கியிருக்கிறது என்பது நிஜம். அதனாலேயே பழைய வண்டிக்குச் சொல்லும் விலையும் இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெங்களூருக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் அரைகுறையாகிவிடும். இங்கே கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பி சர்வீஸ் செய்யக்கூடாது. உலக நகரங்களின் போக்குவரத்து நெரிசலைக் கணக்கெடுக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023 கணக்குப்படி இந்த நகரத்தின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் போக சராசரி 28 நிமிடம் 10 நொடி. மணிக்கு 21 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட உங்கள் என்ஜின் கிட்டத்தட்ட 470 மணி நேரம் ஓட வேண்டும். சேலத்து அப்பா நெடுஞ்சாலையில் 70இல் போனால் அதே 10,000 கிலோமீட்டர் 143 மணி நேரத்தில் முடிந்துவிடும். மீட்டரில் காட்டுவது ஒரே எண். என்ஜின் உழைத்ததோ மூன்று மடங்குக்கும் மேல். சில்க் போர்டு சிக்னலில் வண்டி நிற்கும்போது மீட்டர் ஓடுவதில்லை, ஆனால் ஆயில் வெந்துகொண்டுதான் இருக்கிறது. கையேட்டில் "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது" என்று இருக்கும். கடினமான ஓட்டத்துக்கு இன்னும் சீக்கிரம் என்று தனியாகவும் ஒரு குறிப்பு இருக்கும். பெங்களூர் ஓட்டம் அந்தக் கடினமான ஓட்டத்தில் சேரும். நான் 7,000 கிலோமீட்டரிலோ பத்து மாதத்திலோ ஆயில் மாற்றிவிடுகிறேன். ஒரு தடவைக்கு மூவாயிரம் சொச்சம்தான், மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

கிளட்ச்சும் இப்படித்தான். சிக்னலில் முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை அழுத்திப் பிடித்தபடியே நிற்காதீர்கள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுங்கள். ஊர்ந்து போகும் இடத்தில் முன் வண்டி நாலடி நகர்ந்தவுடன் நீங்களும் நாலடி நகர வேண்டியதில்லை, பத்தடி இடம் விழட்டும், அப்புறம் ஒரே தடவையில் போங்கள். என் வேகன்ஆரில் முதல் கிளட்ச் 58,000இல் போனது. இப்படி ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு இரண்டாவது கிளட்ச் அதைவிட அதிக தூரம் ஓடியும் இன்னும் இருக்கிறது.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். உங்கள் 2016 வண்டி அதற்கென்று செய்ததும் இல்லை. பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதீர்கள். 2020 ஊரடங்கில் என் வண்டி இரண்டு மாதம் சும்மா நின்றதில் பாட்டரி சார்ஜ் இறங்கியதோடு எலி ஒயரையும் கடித்துவிட்டது. பானெட்டுக்குள் புகையிலை கட்டி வைக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

இதுவரை படித்தால் நான் வண்டியை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. உங்கள் வண்டியில் ஏர்பேக் இருக்கிறதா? சட்டென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறதா?

2016இல் இரண்டும் கட்டாயம் இல்லை. ஏ.பி.எஸ். எல்லாப் புதுக் காரிலும் வந்தது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில், பக்கத்து இருக்கைக்கு 2021 முடிவதற்குள். அப்பா வாங்கியது கீழ்நிலை மாடல் என்றால் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். ஸ்டீயரிங்கின் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துப் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் கோளாறு.

இரண்டும் இல்லை என்றால் என் பதில் மாறிவிடும். மேலே சொன்ன கணக்கு எல்லாம் பணத்தைப் பற்றியது. மாதம் ஒருமுறை நெடுஞ்சாலையில் இரண்டு வயதுக் குழந்தையோடு 200 கிலோமீட்டர் போகிறீர்கள். வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதி எத்தனை விபத்து அங்கே நடந்திருக்கிறது என்று சேலத்துக்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வேகன்ஆரில் ஏர்பேக் கிடையாது. என் பேத்தி பிறந்த வருடத்திலிருந்து அந்த வண்டியை நான் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போவதில்லை. அல்சூரிலிருந்து மார்க்கெட், தமிழ்ச் சங்கம், ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஊருக்குப் போக ரயில், இல்லையென்றால் மகனின் வண்டி. பதினைந்து வருடம் ஆனதும் 2025இல் ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். 5,000 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் பச்சை வரி. இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து ஐந்து வருடத்துக்குக் கொடுத்தார். டெல்லி மாதிரி வயதைக் காரணம் காட்டி வண்டியை நிறுத்தும் விதி இங்கே இல்லை. ஆனாலும் எந்த வேலைக்கு எந்த வண்டி என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருந்தால் முப்பதாயிரத்தைச் செலவழித்து இன்னும் ஐந்து வருடம் தைரியமாக ஓட்டுங்கள். இல்லையென்றால் அந்த முப்பதாயிரத்தைப் போடாமல் மாற்றுங்கள். மாற்றினாலும் ஏழு வருடக் கடனில் புது எஸ்.யூ.வி. வேண்டாம். 2022க்குப் பிறகு வந்த, ஒரே ஒருவர் கையில் இருந்த, சர்வீஸ் பதிவு முழுக்க இருக்கும் ஒரு ஹேட்ச்பேக்கோ சின்ன செடானோ பாருங்கள். உங்கள் மெக்கானிக்கை அழைத்துப்போய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். புதுசுதான் வேண்டும் என்றால் பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் அந்த மாடல் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சோதனையில் குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம் உண்டு. அதைத்தான் நான் முதலில் படிப்பேன். டீசல் வேண்டாம். இப்போதைய பி.எஸ்.6 புகை விதிப்படி வரும் டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். ஹோசூர் ரோட்டில் ஊர்ந்தால் அது அடைத்துக்கொள்ளும். மின்சாரக் கார் நல்லதுதான், ஆனால் உங்கள் அப்பார்ட்மென்ட் சங்கம் உங்கள் பார்க்கிங்கில் பிளக் போட ஒத்துக்கொண்ட பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

எந்த வண்டியானாலும் குழந்தைக்குத் தனி இருக்கை ஒன்று பின்னால் பொருத்துங்கள். மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. பிரேக் அடிக்கும் நொடியில் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் விரிந்தால் அந்தக் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்தில் இருக்கிறது. அபராதத்தை விடுங்கள், இருக்கையை வாங்குங்கள். தொப்பூரில் இறங்கும்போது மூன்றாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் எஸ்டிமேட்டில் பாலிஷ் இருக்கிறது, பிரேக் ஆயில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸில் ஒன்று மட்டும். உங்கள் வண்டி அடித்தளத்தில் நிற்கிறது என்றால் என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரைக் கேட்டு வாங்குங்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் என்ஜினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அந்தச் சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பணம் வருவது கடினம். தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியையே போடாதீர்கள், முடிந்தால் பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக உங்கள் டி.என். நம்பர். ஒரு மாநிலத்து வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. இங்கே நிறையப் பேர் செய்வதில்லை, மடக்கும்போது அவதிப்படுகிறார்கள். வைத்துக்கொள்வது என்று முடிவானால் சேலம் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்டி கே.ஏ. நம்பர் வாங்குங்கள். சேலத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். அந்த வரியையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பது என்று முடிவானால் இங்கே விற்காதீர்கள், சேலத்திலேயே விற்றுவிடுங்கள், அலைச்சல் மிச்சம். இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாததற்குக் கிடைக்கும் போனஸ் அப்பா பெயரில் இருக்கிறது. அது வண்டியோடு போவதில்லை, உங்கள் பெயருக்கும் வராது. அவர் மூன்று வருடத்துக்குள் வேறு கார் வாங்கினால் பயன்படும், விற்கும்போதே சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எப்படியானாலும் ஆர்.சி. அவர் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து வேண்டும். வைத்துக்கொள்வது என்றால் என்.ஓ.சி.க்கான 28ஆம் படிவத்தில். இந்த மாதம் சேலம் போகும்போது அசல் ஆர்.சி.யையும் பழைய சர்வீஸ் பில்களையும் வாங்கி வாருங்கள். அப்பாவிடம் இந்த வண்டிக்கு முதல் பாட்டரி எப்போது மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள்.